காலடிகளால் திபெத்தை அளந்த ஆசிரியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும், இமயமலைக்கு வடக்கே பரந்து கிடக்கும் திபெத் பீடபூமி, ஐரோப்பியர் வரைந்த நிலப்படங்களில் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. அதன் தலைநகரான லாசா சரியாக எந்த இடத்தில் அமைந்திருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது கூட அப்போது உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தின் குறுக்கே நடந்து, அங்குள்ள கணவாய்களையும் ஏரிகளையும் நிலப்படத்தில் ஏற்றியவர்களில் முதன்மையானவர், குமாவோன் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். நைன் சிங் ராவத் என்பது அவரது பெயர். கையில் ஒரு செபமாலையுடன் மாறுவேடத்தில் சென்ற அவர், தாம் வைத்த ஒவ்வொரு காலடியையும் எண்ணியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தை அளந்தார்.

1877ஆம் ஆண்டு லண்டனில் உள்ள அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. ஆனால் அவர் பயணம் செய்துகொண்டிருந்த காலத்தில் வெளியான அறிக்கைகளில் அவரது பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அவரது உழைப்பில் உருவான நிலப்படங்கள் ஒரு பேரரசின் தேவைக்காக வரையப்பட்டவை. அவை காட்டிய நிலப்பரப்பின் மீது பின்னாளில் எழுந்த எல்லைகள், அவர் பிறந்த ஊர் மக்களின் பாதைகளையே மூடிவிட்டன. அவரது வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்க்கும்போது தெரியும் முரண்பாடு இது.

பரங்கிமலையில் தொடங்கிய அளவை

இந்தக் கதையின் ஒரு முனை சென்னையில் இருக்கிறது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி, சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்களாக விரிந்து வடக்கு நோக்கிச் சென்ற பணியே, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை என்று அழைக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த முக்கோணங்கள் இமயமலை அடிவாரத்தை எட்டின. உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரமும் அந்த அளவையின் மூலமாகவே கணிக்கப்பட்டது.

ஆனால் இமயத்தைத் தாண்டி அளவை தொடர முடியவில்லை. பெரும் எடையுள்ள கருவிகளையும் அவற்றைச் சுமக்கும் ஆட்களையும் மலை உச்சிகளில் நிறுத்தி வெளிப்படையாகச் செய்ய வேண்டிய பணி அது. திபெத்தோ வெளிநாட்டவருக்குத் தன் கதவுகளை மூடியிருந்தது. மத்திய ஆசியாவிலும் ஐரோப்பியப் பயணிகளின் உயிருக்கு உத்தரவாதம் இருக்கவில்லை. ஜெர்மானிய ஆய்வாளரான அடால்ஃப் ஷ்லாகின்ட்வைட் 1857இல் காஷ்கரில் கொல்லப்பட்டார்.

மறுபுறம், ரஷ்யப் பேரரசு மத்திய ஆசியாவில் முன்னேறிக்கொண்டிருந்தது. இமயத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு அறிவியல் ஆர்வம் மட்டுமல்ல, பாதுகாப்புக் கவலையாகவும் இருந்தது. இந்தச் சூழலில், அளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் தாமஸ் மான்ட்கோமரி ஒரு யோசனையை முன்வைத்தார். ஐரோப்பியர் போக முடியாத இடங்களுக்கு, எல்லைப்புற மலைவாழ் மக்களையே பயிற்றுவித்து அனுப்பலாம் என்பதே அது.

மிலம் கிராமத்தின் மைந்தர்

நைன் சிங் 1830ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் ஜோகார் பள்ளத்தாக்கில் உள்ள மிலம் கிராமத்தின் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், ஒரு பெரும் பனியாறு முடியும் இடத்திற்கு அருகே இருக்கிறது இந்தக் கிராமம்.

ஷௌகா என்றும், பிரிட்டிஷ் ஆவணங்களில் போட்டியா என்றும் குறிப்பிடப்பட்ட இந்தப் பள்ளத்தாக்கின் மக்கள், தலைமுறை தலைமுறையாகத் திபெத்துடன் வணிகம் செய்தவர்கள். கோடையில் பனி உருகியதும், தானியம், வெல்லம், துணி ஆகியவற்றை ஆடுகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு உயர்ந்த கணவாய்களைக் கடப்பார்கள். உப்பு, கம்பளி, வெண்காரம் ஆகியவற்றுடன் திரும்புவார்கள். குளிர்காலத்தில் மேல் கிராமங்களைப் பூட்டிவிட்டு, தாழ்வான இடங்களுக்குக் குடிபெயர்வார்கள். திபெத்திய மொழியும் அங்குள்ள பழக்கவழக்கங்களும் அவர்களுக்கு நன்கு தெரிந்தவை. மற்றவர்களுக்கு உலகின் விளிம்பாகத் தோன்றிய மலைத்தொடர், அவர்களுக்கு ஆண்டுதோறும் போய்வரும் வழியாக இருந்தது.

1855ஆம் ஆண்டு, ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் இமயமலைப் பகுதியில் ஆய்வு மேற்கொண்டபோது, நைன் சிங் அவர்களுடன் சேர்ந்தார். மானசரோவர், ராட்சஸ தால் ஆகிய ஏரிகளுக்கும் பின்னர் லடாக்குக்கும் அவர்களுடன் சென்றார். அளவைக் கருவிகளைக் கையாளும் பழக்கம் அப்போதுதான் அவருக்கு ஏற்பட்டது. அதன் பிறகு ஊர் திரும்பி, 1858 முதல் மிலம் கிராமத்து அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசிரியர் என்பதால் வந்த பண்டிட் என்ற அடைமொழியே, பின்னர் இந்த இரகசிய அளவையாளர்கள் அனைவருக்கும் பொதுப்பெயராக நிலைத்தது.

செபமாலையும் பிரார்த்தனைச் சக்கரமும்

1863ஆம் ஆண்டு நைன் சிங்கும் அவரது உறவினர் மணி சிங்கும் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, டேராடூனில் பயிற்சி பெற்றார்கள். கோணமானியைக் கொண்டு சூரியன், விண்மீன்கள் ஆகியவற்றின் உயரத்தைக் குறித்து அட்சரேகையைக் கணிப்பது, நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு இடத்தின் உயரத்தைக் கணிப்பது ஆகியவற்றை அவர்கள் கற்றார்கள்.

பயிற்சியின் மிகக் கடினமான பகுதி நடைதான். ஏற்றமாயினும் இறக்கமாயினும் ஒரே நீளத்தில் காலடி வைக்க அவர்கள் பழக்கப்படுத்தப்பட்டார்கள். நைன் சிங்கின் காலடி 31.5 அங்குலம். ஏறத்தாழ 2,000 காலடிகள் ஒரு மைல்.

எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள உதவியது செபமாலை. திபெத்திய பௌத்தர்களின் செபமாலையில் 108 மணிகள் இருக்கும். அளவையாளர்களின் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒருமுறை சுற்றி வந்தால் பத்தாயிரம் காலடிகள், அதாவது சுமார் ஐந்து மைல். மந்திரச் சுருள் இருக்க வேண்டிய பிரார்த்தனைச் சக்கரத்தின் உள்ளே, அளவைக் குறிப்புகள் எழுதிய காகிதம் இருந்தது. வழியில் எவராவது நெருங்கினால், சக்கரத்தைச் சுழற்றியபடி பிரார்த்தனையில் மூழ்கியவர் போல நடப்பார்கள். வழிபடுபவரை இடையில் நிறுத்திப் பேசும் வழக்கம் அங்கு இல்லை.

பெட்டியின் கள்ள அடித்தட்டில் கோணமானி இருந்தது. ஊன்றுகோலுக்குள் வெப்பமானியும் சோழிகளுக்குள் பாதரசமும் ஒளித்து வைக்கப்பட்டன. அந்தப் பாதரசத்தைப் பிச்சைப் பாத்திரம் போன்ற ஒரு கிண்ணத்தில் ஊற்றினால், அதன் அசையாத பரப்பு விண்மீன்களை நோக்குவதற்கான செயற்கை அடிவானமாகிவிடும்.

லாசாவில் மூன்று மாதங்கள்

1865ஆம் ஆண்டு மார்ச் மாதம் காத்மாண்டுவிலிருந்து இருவரும் புறப்பட்டனர். எல்லையை அடுத்த கிரோங்கில் சந்தேகம் கொண்ட திபெத்திய அதிகாரிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். உடல்நலம் குன்றிய மணி சிங் வேறு வழியாக ஊர் திரும்பினார். நைன் சிங் மட்டும் லடாக்கிய வணிகர் வேடத்தில் மீண்டும் எல்லையைக் கடந்தார். லாசாவுக்குப் போவதில்லை, போனால் உயிரையே இழக்கச் சம்மதம் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பின்னர் லடாக் வணிகக் கூட்டம் ஒன்றுடன் இணைந்து, சாங்போ ஆற்றின் கரையோரமாகக் கிழக்கே நடந்து ஷிகாட்சே நகரை அடைந்தார். அங்குள்ள தாஷிலுன்போ மடாலயத்தில், அப்போது சிறுவராக இருந்த பஞ்சென் லாமாவின் முன்னிலைக்குச் செல்ல நேரிட்டது. பிறர் மனதில் உள்ளதை அறியக்கூடியவர் என்று நம்பப்பட்டவர் முன் ஒற்றர் ஒருவர் நிற்பது அச்சம் தருவதாகவே இருந்திருக்கும். ஆனால் வழக்கமான நலம் விசாரிப்புகளுடன் சந்திப்பு முடிந்தது. கைப்பணம் கரைந்துவிட்டதால், நேபாள வணிகர்களுக்குக் கணக்கு முறையைக் கற்பித்துச் செலவுக்குச் சம்பாதித்தார் அந்த ஆசிரியர்.

யாம்ட்ரோக் ஏரியின் கரை வழியாகச் சென்று, 1866ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லாசாவை அடைந்தார். சுமார் மூன்று மாதங்கள் அங்கே தங்கினார். இரவு நேரங்களில் விண்மீன்களை நோக்கி அவர் கணித்த அட்சரேகை, இன்றைய கணிப்புக்கு மிக நெருக்கமானது.

அவரது குறிப்புகள் எண்களோடு நிற்கவில்லை. சீனா, மங்கோலியா, காஷ்மீர், நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து குளிர்காலத்தில் வந்து சேரும் வணிகர்களையும் அவர்களது சரக்குகளையும் அவர் பதிவு செய்தார். போதாலா மாளிகையில் சிறுவரான தலாய் லாமாவையும் தரிசித்தார். திபெத்தியப் புத்தாண்டின் போது நகர நிர்வாகம் சில நாட்களுக்கு ட்ரெபுங் மடாலயத்துத் துறவி ஒருவரின் கைக்கு மாறுவதையும், அதிகத் தொகைக்கு ஏலம் கேட்டவருக்கே அந்தப் பதவி கிடைப்பதையும், அவர் விதிக்கும் அபராதங்களுக்கு அஞ்சி ஏழைகள் நகரைவிட்டு வெளியேறுவதையும் விவரித்தார். அதுவரை ஐரோப்பியக் கற்பனையில் மர்ம நகராக இருந்த லாசா, அவரது குறிப்புகளில் கடைவீதியும் வரியும் திருவிழாவும் கொண்ட ஊராகத் தெரிகிறது.

ஆபத்தும் அருகிலேயே இருந்தது. காஷ்மீர் வம்சாவளி முஸ்லிம் வணிகர்கள் இருவர் அவரது வேடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் இரகசியத்தைக் காப்பாற்றியதோடு கடனும் கொடுத்து உதவினார்கள். அனுமதியின்றி வந்த சீனர் ஒருவர் பொது இடத்தில் தலை துண்டிக்கப்பட்டதை நைன் சிங் கண்டார். அவரிடம் எழுதி வாங்கிய கிரோங் அதிகாரியும் ஒரு நாள் லாசா தெருவில் தென்பட்டார். உடனே அவர் தங்குமிடத்தை மாற்றிக்கொண்டு, வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். ஏப்ரல் மாதம் லடாக் வணிகர்களுடன் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, மானசரோவர் வழியாக இந்தியா திரும்பினார். அந்தப் பயணத்தில் அவர் அளந்த தூரம் சுமார் 1,200 மைல். காலடிக் கணக்கில் அது ஏறத்தாழ 25 இலட்சம்.

அடுத்த ஆண்டே மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கப் பகுதிக்கு அவர் அனுப்பப்பட்டார். சுமார் 5,000 மீட்டர் உயரத்தில், கடும் காற்றிலிருந்து தப்பக் குழிகளைத் தோண்டி, அவற்றுக்குள் கூடாரம் அமைத்து சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்தனர். குளிர்காலத்தில் உறைந்த மண் எளிதில் சரியாது என்பதால், கோடையைவிடக் குளிர்காலத்திலேயே அங்கு ஆட்கள் அதிகம் கூடினர். குளிருக்கு அஞ்சி முழங்கால்களையும் முழங்கைகளையும் தரையில் ஊன்றிக் குனிந்தபடி, இருக்கும் துணிகளையெல்லாம் முதுகில் போர்த்திக்கொண்டு அவர்கள் உறங்கிய விதத்தையும் நைன் சிங் குறித்து வைத்தார்.

ஏரிகளின் வழியே

அவரது பயணங்களில் மிகப் பெரியது கடைசிப் பயணம். 1874ஆம் ஆண்டு ஜூலை மாதம் லடாக்கின் லே நகரிலிருந்து அவர் புறப்பட்டார். முந்தைய பயணத்தில் சாங்போ ஆற்றை ஒட்டிய வணிகப் பாதையில் நடந்தவர், இம்முறை அதற்கு வெகு வடக்கே, சாங்தாங் என்று அழைக்கப்படும் ஆளரவமற்ற உயர்சமவெளியின் குறுக்கே சென்றார். இருபதுக்கும் மேற்பட்ட ஆடுகள் சுமைகளைச் சுமந்தன. வழியெங்கும் மேய்ந்தபடியே நடக்கும் ஆடுகளுக்குத் தனியாகத் தீவனம் கொண்டுசெல்லத் தேவையில்லை என்பது அவரது ஊர் மக்களுக்குத் தெரிந்த உத்தி.

முதலில் எதிர்ப்பட்டது நூறு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாங்காங் ஏரி. அதன் மேற்குப் பகுதியின் நீர் உப்பாகவும் கிழக்குப் பகுதியின் நீர் குடிக்கத்தக்கதாகவும் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே செல்லச் செல்ல ஏரிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. வெளியுலகின் நிலப்படங்களில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதுவரை பெயரோ இடமோ இல்லை. வழியில் யாக் எருமைகளையும் ஆடுகளையும் மேய்த்துத் திரியும் சாங்பா நாடோடிகளைத் தவிர மனிதர்களைக் காண்பது அரிது.

அந்தப் பாதையின் நடுவே இருக்கிறது டாங்ரா யும் ஏரி. அதை ஒட்டித் தெற்கே எழும் பனிமலை தார்கோட் யாப். திபெத்திய மொழியில் யாப் என்றால் தந்தை, யும் என்றால் தாய். மலையும் ஏரியும் கணவன் மனைவி என்பதும், உலகத்தின் பெற்றோர் அவையே என்பதும் அங்குள்ளவர்களின் நம்பிக்கை. பௌத்தத்துக்கும் முந்தைய வேர்களைக் கொண்ட போன் சமயத்தவருக்கு இது புனிதத் தலம். மலையையும் ஏரியையும் யாத்ரிகர்கள் நாட்கணக்கில் நடந்து வலம் வருவார்கள்.

ஏரிக்கரையில் உள்ள ஓம்பு கிராமத்தில், நைன் சிங் பார்லி வயல்களைக் கண்டார். நெடுந்தூரம் புல்வெளியைத் தவிர வேறெதையும் காணாமல் வந்தவருக்கு அது வியப்பளித்தது. சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் அங்கு பயிர் விளைவதற்கு, ஏரி தரும் மிதமான வெப்பமே காரணம். மலைக்கும் ஏரிக்கும் பெற்றோர் என்று பெயரிட்ட மக்களின் நம்பிக்கைக்கு அடியில் அன்றாட வாழ்வின் அனுபவமும் இருக்கிறது எனலாம்.

மேலும் கிழக்கே, நாம் சோ என்று அழைக்கப்படும் பெரிய உப்பேரி வந்தது. அவரது உறவினரும் மற்றொரு அளவையாளருமான கிஷன் சிங் 1872ஆம் ஆண்டு அந்த ஏரியை எட்டியிருந்தார். அங்கிருந்து தெற்கே திரும்பிய நைன் சிங், நவம்பர் மாதம் லாசாவை அடைந்தார். தம்மை அடையாளம் காணக்கூடியவர்கள் அங்கு இருப்பதால், இரண்டு நாட்களில் வெளியேறினார். அதுவரை எடுத்த குறிப்புகளை இரண்டு துணையாளர்களிடம் கொடுத்து லே நகருக்குத் திருப்பி அனுப்பினார். தாம் பிடிபட்டாலும் குறிப்புகள் பிழைக்க வேண்டும் என்பதே காரணம்.

சாங்போ ஆற்றைக் கடந்து தெற்கே வந்த அவர், டிசம்பர் மாதம் தவாங்கை அடைந்தார். அங்கு அதிகாரிகள் அவரைச் சுமார் இரண்டு மாதங்கள் தடுத்து வைத்தார்கள். 1875ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் அஸ்ஸாமின் உதல்குரியை வந்து சேர்ந்தபோது, சுமார் 1,400 மைல் நடந்திருந்தார். அதன் பெரும்பகுதி அதற்கு முன் எவரும் அளக்காத நிலம். திபெத்தின் சாங்போவும் இந்தியாவின் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா என்று அப்போது நடந்த விவாதத்தில், ஆறு பாயும் திசையைப் பற்றி அவர் கொண்டுவந்த தகவல்கள் முக்கியச் சான்றாகின.

புகழும் மறைவும்

அந்தப் பயணத்தோடு அவரது உடல்நலம் சீர்குலைந்தது. கடும் குளிரும் பனி வெளிச்சமும் விண்மீன்களை நோக்கிய இரவுகளும் பார்வையைப் பாதித்திருந்தன. நேரடிப் பயணங்களிலிருந்து ஓய்வு பெற்ற அவர், அடுத்த தலைமுறை அளவையாளர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அதுவரை வெளிவந்த அறிக்கைகளில் பண்டிட் என்று மட்டுமே குறிப்பிடப்பட்ட அவரது பெயர், அதன் பின்னரே வெளியுலகுக்குத் தெரிந்தது. அரச புவியியல் கழகத்தின் பதக்கத்தைத் தவிர, பாரிஸ் புவியியல் கழகம் அவருக்குத் தங்கக் கடிகாரம் ஒன்றை வழங்கியது. பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு கிராமத்தின் வருவாயை மானியமாக அளித்தது. அவர் இறந்த ஆண்டு 1882 என்று பல நூல்களும், 1895 என்று வேறு சிலவும் குறிப்பிடுகின்றன. இத்தனை இடங்களின் அட்சரேகையைத் துல்லியமாகக் குறித்தவரின் மறைவைப் பற்றி ஆவணங்கள் ஒத்துப்போகவில்லை.

சுதந்திர இந்தியாவிலும் அவரது பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. 2004ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. அவரது நாட்குறிப்புகளும் அவரைப் பற்றிய ஆய்வும் அடங்கிய ஹிந்தி நூல், உமா பட், சேகர் பாடக் ஆகியோரின் முயற்சியில் 2006இல் வெளியானது. அதுவரை பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளின் வழியாகவே பெரும்பாலும் அறியப்பட்டிருந்த பயணங்களை, பயணியின் குரலிலேயே அறியும் வாய்ப்பு அதன் பின்னரே வாசகர்களுக்குக் கிடைத்தது.

மூடப்பட்ட கணவாய்கள்

நைன் சிங்கை எப்படி மதிப்பிடுவது என்பது எளிதான கேள்வி அல்ல. திபெத்தியரின் பார்வையில் அவர் வேடமிட்டு வந்த ஒற்றர். செபமாலையும் பிரார்த்தனைச் சக்கரமும் அவர்களது சமயத்தின் புனிதப் பொருட்கள்; அவற்றின் மீதான மரியாதையே அவருக்குக் கவசமாயிற்று. அவருக்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து, 1904இல், பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் படை, வழியில் நூற்றுக்கணக்கான திபெத்தியரைக் கொன்று லாசாவுக்குள் நுழைந்தது. அந்தப் படைக்குத் திபெத் வெற்றிடமாக இருக்கவில்லை என்றால், அதற்கு இந்த அளவையாளர்களின் உழைப்பும் ஒரு காரணம்.

அதே நேரம், அவரை வெறும் கருவியாக மட்டும் பார்ப்பதும் சரியாகாது. பணியை ஏற்கும் முன்பே மலைகளுக்கு அப்பால் உள்ள நிலம் அவரது சமூகத்துக்குப் பரிச்சயமானது. அந்த மொழியும் நடையும் பழக்கமும் இல்லாமல் எந்தக் கருவியும் லாசாவை எட்டியிருக்காது. உத்தரவு அரசாங்கத்தின் உத்தரவுதான். அதை நிறைவேற்றிய அறிவு மிலம் கிராமத்தின் அறிவு.

அந்தக் கிராமத்துக்கு நேர்ந்தது என்ன என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. 1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரோடு ஜோகார் பள்ளத்தாக்கின் திபெத் வணிகம் முடிவுக்கு வந்தது. ஆண்டுதோறும் ஆடுகளுடன் கணவாய்களைக் கடந்த மக்கள், முன்சியாரி, அல்மோரா போன்ற ஊர்களில் குடியேறி வேறு தொழில்களைத் தேடிக்கொண்டார்கள். ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த மிலத்தில், கூரையிழந்த கல்வீடுகளே இன்று அதிகம். கோடையில் திரும்பிவரும் சில குடும்பங்களும், பனியாற்றைக் காண நடந்து வரும் சுற்றுலாப் பயணிகளும், எல்லைக் காவல் படையினருமே அங்கு தென்படுகிறார்கள்.

அவர் நடந்த மற்ற இடங்களின் நிலையும் இதுவே. பாங்காங் ஏரியின் குறுக்கே இன்று இந்தியாவையும் சீனாவையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோடு செல்கிறது. 2020ஆம் ஆண்டு அதன் கரையில் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. அவர் இரண்டு மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்த தவாங் இன்று இந்தியாவின் அருணாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. சீனா அதற்கு உரிமை கோருகிறது. லே நகரிலிருந்து ஏரிகளின் வழியே லாசா சென்று தவாங்கில் இறங்கும் அந்தப் பாதையை, முழுமையாக ஒருவர் நடந்து கடப்பது இப்போது சாத்தியமில்லை.

நைன் சிங் சென்ற காலத்தில் அந்தப் பாதையில் காவலும் சந்தேகமும் மரண தண்டனையும் இருந்தன. ஆனாலும் வணிகரும் யாத்ரிகரும் மேய்ப்பரும் அதே வழியில் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராகத் தோன்ற முடிந்ததாலேயே அவரால் அந்த நிலத்தை அளக்க முடிந்தது. நிலப்படம் இன்று முழுமையாக இருக்கிறது. அந்த வழியில் போய்வந்தவர்கள்தான் இல்லை.